மீனுக்குப் பார்த்த தண்ணீர்

ஜூன் 1, வியாழன்

குடித்தது: 700 மில்லி.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நோட்டு. டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கும் ஷாகிரா இன்று கொடுத்து அனுப்பினாள். "டீ, மோர், ரசம், மாத்திரை போடற தண்ணி, எல்லாத்தையும் மில்லி போட்டு எழுதுங்க சார். ஒரு நாளைக்கு எழுநூத்தம்பது தாண்டக் கூடாது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு கிலோவுக்கு மேல எடை ஏறக் கூடாது" என்றாள். என் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி எடையாக ஏறிவிடும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நான்கு மணி நேரம் படுக்க வைத்து மெஷின் அதை உறிஞ்சி எடுக்கும்.

ஒரு வரியோடு நிறுத்த எனக்கு வராது. திருப்பூர் சாயப்பட்டறை லேபில் முப்பது வருடம் ஷேடு பார்த்தவன். எதையும் விலாவாரியாக எழுதினால்தான் தூக்கம் வரும்.

இன்று டாக்டர் என்னையும் என் மனைவி சாந்தாமணியையும் உட்கார வைத்துப் பேசினார். அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது. அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஃபைல் தானத்துக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டிக்குப் போகும். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"முதல்ல மீன் தொட்டிக்கு ஒரு ஆர்.ஓ. மெசின் போட்டு முடிச்சுக்கறனுங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சாந்தாமணி மட்டும் விடவில்லை. "மெசின் வந்துருச்சுன்னா கையெழுத்துப் போட்டுருவீங்களா?" என்று அவர் எதிரிலேயே கேட்டாள். போடுகிறேன் என்றேன். இது சாக்கு இல்லை. நிஜமாகவே மெஷின் வேண்டும்.

ஜூன் 4, ஞாயிறு

குடித்தது: 720 மில்லி.

மெஷின் ஏன் வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஹாலில் நாலடித் தொட்டி. அதில் ஆறு டிஸ்கஸ் மீன். சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். நோய் வந்த பிறகு வாங்கியவை. இவற்றுக்கு உப்பு ஆகாது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரம். சோப்பு நுரைக்காது. மீனுக்கு நூறைச் சுற்றி இருக்க வேண்டும். கார்ப்பரேஷன் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. அது சமையலுக்கே காணாது. அதனால் தினமும் இரண்டு கேன் தண்ணீர் விலைக்கு வாங்கித் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறோம்.

என் இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. அதனால் கேட்டில் இறக்கிப் போகிற கேனை இடுப்பில் வைத்துத் தூக்கி வருவது சாந்தாமணி. சிறுநீரகம் கொடுத்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாதாம். அப்படியே கொடுத்தாலும், என்று வைத்துத்தான் எழுதுகிறேன். ஆக மெஷின் முதலில் வந்தாக வேண்டும். இதில் யாரும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 7, புதன்

குடித்தது: 720 மில்லி.

முதல் கம்பெனி ஆள் வந்தார். இந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். சுவரில் மாட்டுகிற மாடல், உள்ளே நீல விளக்கு எரிகிறது. மாதிரிக்குக் கொண்டு வந்த மெஷினைக் குழாயில் மாட்டி ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். "டேஸ்ட் பண்ணிப் பாருங்க சார்."

தண்ணீரைச் சோதிக்கிறவன் வாயில் ஊற்றிப் பார்க்காமல் சொல்லக் கூடாது. லேபில் அப்படித்தான் பழக்கம். ஒரு மடக்கு பார்த்தேன்.

சாந்தாமணி அடுப்படியிலிருந்து வந்து கேட்டாள்: "ஏனுங்க, இதுல கை உடாம தொட்டித் தண்ணி மாத்த முடியுமுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "இது குடிக்கிறதுக்கும்மா." எனக்கும் சிரிப்பு வந்தது. மீன் வளர்க்கிறவன் தொட்டிக்குள் கை விடாமல் இருக்க முடியுமா? காலையில் நான் கை விட்டால் பெரிய மீன் வந்து விரலை முட்டும். சாந்தாமணி அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மாடலை வேண்டாம் என்றுவிட்டேன். வடிகட்டி எடுத்த பிறகு ருசிக்காக மினரல் சேர்க்கிறார்கள். மீனுக்கு எதை எடுக்கச் சொன்னோமோ அதையே திரும்பப் போடுகிறார்கள்.

ஜூன் 8, வியாழன்

குடித்தது: 700 மில்லி.

எடை இரண்டு கிலோ நானூறு ஏறியிருக்கிறதாம். ஷாகிராவிடம், சாவிக்கொத்து சட்டைப்பையில் இருந்தது என்று சொன்னேன். நானூறு கிராமுக்கு எந்த வீட்டுச் சாவி என்று கேட்டாள்.

ஜூன் 12, திங்கள்

குடித்தது: 730 மில்லி.

இரண்டாவது கம்பெனி. நல்ல உழைப்பான மெஷின்தான். ஆனால் உள்ளே ஒரு திருகாணி இருக்கிறது. அதைத் திருகினால் வடிகட்டாத தண்ணீர் கொஞ்சம் கலந்து வரும். தண்ணீர் சப்பென்று இருப்பதாக ஜனங்கள் குறை சொல்வதால் வைத்ததாம். திருகாணியை மூடியே வைத்துக்கொள்ளலாம் என்றார். மூடின திருகாணி எதற்கு? வேண்டாம்.

மூடி ஒரு டம்ளர், திறந்து ஒரு டம்ளர் பார்த்தேன். வித்தியாசம் தெரிகிறது.

சாந்தாமணி இவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். கை விடாமல் மாற்ற முடியுமா. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அப்புறம் சொன்னேன். "நெனச்சுட்டுப் போறாங்க" என்று கேனைத் தூக்கப் போய்விட்டாள்.

ஜூன் 13, செவ்வாய்

குடித்தது: 700 மில்லி.

எடை மூன்று கிலோ நூறு.

ஷாகிரா எடையை எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் பேச்சை மாற்ற ஆர்.ஓ. பற்றிக் கேட்டேன். டயாலிசிஸ் முடிந்ததும் என்னைப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே சென்டரின் சொந்த ஆர்.ஓ. ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் என் ரத்தத்தைக் கழுவுகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறதாம். இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறேன், இது தெரியாமல்.

"பாருங்க சார். முதல்ல கார்பன், குளோரினைப் பிடிக்க. அப்புறம் மெம்பரேன், உப்பைப் பிடிக்க. அவ்வளவுதான். விளக்கு, மினரல், பெட்டி ஒண்ணும் கெடையாது. உங்க மீனுக்கும் இதே போதும். கந்தவேல்னு ஒருத்தர் சர்வீஸுக்கு வருவார். ஃபில்டர் கூடு ஒவ்வொண்ணா சேர்த்து மாட்டிக் குடுத்துருவார்."

நம்பர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் சொல்வது நியாயம்தான். இருந்தாலும் நாலு இடம் பார்க்காமல் முடிவு பண்ணக் கூடாது.

ஜூன் 24, சனி

குடித்தது: 700 மில்லி.

இன்றும் எடை மூன்றுக்கு மேல். இரண்டு நாளாகத் தர்ப்பூசணி சாப்பிட்டதாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சாந்தாமணி விரல் மடக்கினாள். "இதோட ஏழு பேரு வந்துபோட்டாங்க. நம்ம கௌசிகாவுக்கு மாப்பிள்ளை பாத்தப்பக்கூட மூணாவது ஆளுக்கே சரின்னு தலையாட்டிட்டீங்க. இதுல என்னத்தக் குறை கண்டுபுடிக்கறீங்கன்னு தெரியல."

"மருமவனுக்கு டி.டி.எஸ். பாக்கல" என்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 28, புதன்

குடித்தது: 700 மில்லி. காற்று. வாய் முழுக்க மண் ஒட்டினதுபோல் இருக்கிறது.

ஜூலை 3, திங்கள்

குடித்தது: 710 மில்லி.

காலையில் ஆறு மீனும் கறுத்துப்போய் மூலையில் நின்றன. வந்த கேன் தண்ணீரை அளந்தேன். முந்நூற்று நாற்பது. கேன்காரர் வேறு பிளான்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். டிஸ்கஸுக்கு மனது சரியில்லை என்றால் உடம்பே கறுத்துவிடும்.

வேறு கேன் வரவழைத்தோம். சாந்தாமணி அதைத் தூக்கிக்கொண்டு வருகையில் வாசற்படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கேன் விழுந்து ஹால் முழுவதும் தண்ணீர். அவள் முட்டி போட்டபடி அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கை சும்மாதான் இருந்தது. எழுந்து போவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

துடைத்து முடித்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவரிடம், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க சாமி. இவரு ஒரு முடிவுக்கு வந்துருவாரு" என்றாள்.

கந்தவேலுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். மாலையில் பண்ணிக்கொள்ளலாம்.

ஜூலை 7, வெள்ளி

குடித்தது: 700 மில்லி.

ஒன்பதாவது கம்பெனி. இவர்கள் விவரமானவர்கள். மெஷினை மாட்டிவிட்டு, "நாலு நாள் வெச்சுப் பாருங்க, புடிக்கலேன்னா கழட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுப்படியில் மாட்டியிருக்கிறது. குழாயைத் திருகினால் சில்லென்று வருகிறது. நாலு நாளும் காலை மாலை அளந்து பார்க்க வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

குடித்தது: 700 மில்லி.

ஜூலை 12, புதன், ஆஸ்பத்திரி

எழுத்து கோழி கிண்டின மாதிரி வருகிறது. பரவாயில்லை.

திங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். மூச்சு வரவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். அப்போதும் வரவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் களகளவென்றது. சாந்தாமணியைக் கூப்பிட வாயைத் திறந்தால் நுரைதான் வந்தது. அவள் வந்து பார்த்தது தெரியும். பக்கத்து வீட்டுக் காரில் அவள் மடியில் சாய்ந்தபடி போனது தெரியும். நுரையீரலில் தண்ணீர் கட்டிவிட்டது. அவசரமாக டயாலிசிஸ் போட்டார்கள். இரண்டே நாளில் ஐந்து கிலோ எண்ணூறு ஏறியிருந்தது.

நேற்று கண் விழித்தபோது ஷாகிராவின் கையில் இந்த நோட்டு இருந்தது. சாந்தாமணி வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்திருக்கிறாள்.

"எழுநூறு, எழுநூத்திருவது, எழுநூறு. நாப்பது நாளா அதே கணக்கு. எடை மெசின் வேற சொல்லுதே சார். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். முன்னாடியே கேட்டிருக்கணும். என் தப்பு." நோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தப்பு ஒன்றுமில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

ஒன்பது கம்பெனி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். ஒரு மடக்கு என்று ஆரம்பித்து ஒவ்வொன்றையும் அடிவரை குடித்தேன். இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று இன்னொரு டம்ளர் கேட்டேன். வருகிறவர்கள் எதிரில் சாந்தாமணி தடுக்க மாட்டாள் என்று தெரியும். அவர்கள் விட்டுப் போன பாட்டில்களையும் விடவில்லை. மெஷின் அடுப்படிக்கே வந்த பிறகு கம்பெனி ஆளும் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் உழவர் சந்தைக்குப் போன நேரம் குழாயடியில் நின்று குடித்தேன். எத்தனை டம்ளர் என்று தெரியாது. எண்ணவில்லை. இரண்டு வருடத்தில் எண்ணாமல் குடித்த தண்ணீர் அது ஒன்றுதான். நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஷாகிரா போன பிறகு சாந்தாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த மெசினுமே உங்களுக்குப் புடிக்கப் போறதில்ல. இல்லீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"மெசின் வந்தாக் கையெழுத்துப் போடோணும். அதுக்குத்தான் ஒவ்வொருத்தரையா குறை சொல்லித் தாட்டி உடறீங்க."

"உன்ன அறுக்கறதுக்கு என்னால தலையாட்ட முடியாது புள்ள" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "எனக்குக் குடுக்கப் போயி உனக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அழவில்லை. கோபப்பட்டால் அவளுக்கு மூக்குதான் சிவக்கும்.

"எனக்கு ஆயிப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு நீங்க ரோசனை பண்றீங்க. திங்கக்கெழமை மத்தியானம் உங்களுக்கு ஆயிப்போச்சுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவள் என் உடம்புக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, இதையும் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் விஷயமாகப் பேசுகிற அம்மா மார்ச் மாதமே அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகம் மாற்றிய பிறகு போடுகிற மாத்திரைகளால் எனக்கு நோயைத் தாங்குகிற சக்தி குறைந்துவிடும். மீன் தொட்டித் தண்ணீரில் கை வைக்கவே கூடாது. நகத்தோரம் சின்னக் கீறல் இருந்தால்கூட அது வழியாகக் கிருமி ஏறிவிடுமாம்.

"அதச் சொன்னா, மீனுக்கோசரம் ஆபரேசனே வேண்டாம்னுருவீங்கன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலீங்க. கை உடாம தண்ணி மாத்தற மாதிரி ஒண்ணு கெடைச்சுட்டா, மீனும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. அதுதான் வந்தவங்க கிட்டயெல்லாம் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

நான் ஆபரேஷனைத் தள்ளிப்போட மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆபரேஷனுக்குப் பிறகு நான் இருக்கப்போகிற நாட்களுக்கு மெஷின் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்படி ஒரு மடையனோடு இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டும் சொன்னேன். மறுக்கவில்லை.

ஜூலை 15, சனி

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. டாக்டர் காட்டிய ஐந்து இடத்திலும் போட்டேன். சாந்தாமணி ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிச் சரிபார்த்தாள். என்னை இனி எந்தக் காகிதத்திலும் நம்ப மாட்டாள் போலிருக்கிறது.

சென்டரிலிருந்தே கந்தவேலுக்குப் போன் பண்ணினோம். பேசியது சாந்தாமணி. முதல் கேள்வியே கை விடாமல் மாற்ற முடியுமா என்பதுதான். அவர் சிரிக்கவில்லை. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சாக்கடைக் குழி எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டார்.

ஜூலை 23, ஞாயிறு

கந்தவேல் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார். பேச்சு கம்மி. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிச் சுவரில் பலகை அடித்து, அதன்மேல் வரிசையாக மூன்று கூடு, மேலே ஒரு மெம்பரேன், ஓரத்தில் பம்ப். மேல்மூடி கிடையாது, விளக்கு கிடையாது. பார்க்க அழகாக இல்லை. சுத்தத் தண்ணீர் ஒரு டிரம்மில் விழுகிறது. நிறைந்தால் தானே நின்றுகொள்ளும். கழிவுத் தண்ணீர் வேறொரு டிரம்மில். அதை வாசல் கழுவவும் கக்கூஸுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அளந்தேன். பதினான்கு. இவ்வளவு சுத்தமும் மீனுக்கு ஆகாது, தண்ணீரின் அமிலத்தன்மை ஒரு நிலையில் நிற்காது. கார்ப்பரேஷன் தண்ணீர் கொஞ்சம் கலந்து நூற்றுப்பத்துக்குக் கொண்டுவந்தோம். டிரம்மில் கலப்பதால் தொட்டிக்குள் கை போக வேண்டிய வேலை இல்லை. ஒரு குழாயைத் திறந்தால் பழைய தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அதை மூடி இன்னொன்றைத் திறந்தால் பம்ப் புதுத் தண்ணீரை ஏற்றுகிறது.

கந்தவேல் கடைசியில் பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினார். அதைச் சாந்தாமணி நடுவிலேயே வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டாள்.

ஜூலை 30, ஞாயிறு

இன்று ஒத்திகை. நான் நாற்காலியில், கை இரண்டும் மடியில். சாந்தாமணியும், ஓசூரிலிருந்து வந்திருக்கும் கௌசிகாவும் தண்ணீர் மாற்றினார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மகள்தான் மீனைப் பார்த்துக்கொள்வாள்.

"அப்பா, இந்தக் குழாயா, அந்தக் குழாயா?"

"சேப்புக் குழாய். மெதுவா. அதிர்ந்தா பயந்துக்கும்."

கண்ணாடியில் ஒரு மூலையில் பாசி படிந்திருந்தது. துடைக்கக் கை பரபரத்தது. எழுந்துகூட விட்டேன். சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் வழக்கமான இடத்துக்கு வந்து விரலைத் தேடிவிட்டுத் திரும்பிப் போனது. வருத்தமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 23, புதன்

கமிட்டி. நீள மேஜைக்குப் பின்னால் நான்கு பேர். கணவன் மனைவிதான் என்பதற்குக் கல்யாண போட்டோ கேட்டார்கள். அதில் சாந்தாமணி உர்ரென்று இருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் பசியாம். இதைக் கமிட்டியிலும் சொன்னாள்.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு போதும்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. அவருக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

ஒரு அம்மா குனிந்து எதையோ எழுதினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மனசார வாங்கிக்கறீங்களா?" என்றார்கள். இதை யாரும் இதுவரை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. சாந்தாமணி என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. எதற்கும் அசையாதவள் அந்த ஒரு பதிலுக்குப் பயந்துகொண்டிருந்தாள்.

"வாங்கிக்கறனுங்க" என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு, கோயம்புத்தூர்

நாளை மறுநாள் ஆபரேஷன். அவள் ஆறாவது மாடி, நான் ஏழு. பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஐந்தாம் நாள். நேற்றுவரை பேனா பிடிக்க முடியவில்லை.

அவளுடைய சிறுநீரகம் எனக்குள் வேலை செய்கிறது. ஆபரேஷன் மேஜையில், பொருத்தியதுமே சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். என்னைக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில் வைத்திருக்கிறார்கள். யாரும் உள்ளே வரக் கூடாது. டாக்டர் காலையில் வந்து ஃபைலைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் கோபித்தார். நான் தண்ணீர் குடிப்பது போதவில்லையாம். இன்று மூன்றரை லிட்டர் குடித்தாக வேண்டுமாம். நர்ஸ் மூடிபோட்ட ஜக்கையும் டம்ளரையும் கட்டில் ஓரம் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குக் குடிக்க வரவில்லை. அரை டம்ளருக்கு மேல் போனால் இரண்டு வருடப் பயம் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் திங்கட்கிழமை மதியம் நெஞ்சுக்குள் கேட்ட சத்தம் ஞாபகத்துக்கு வருகிறது. டம்ளரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாந்தாமணி வந்தாள். சக்கர நாற்காலியில் வந்தவள், என்னைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றாள். வலது கை இடுப்பை அணைத்திருந்தது. முகம் பாதியாகிவிட்டது. இதைப் பார்க்க வேண்டி வருமே என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். நின்றாள், அவ்வளவுதான். கீழே விழவில்லை. என் போன் அடித்தது.

"ஏனுங்க, தண்ணி குடிக்க மாட்டீங்கறீங்களாமா?"

"குடிக்கறேன் புள்ள. பயமா இருக்குது. இறங்க மாட்டேங்குது."

அவள் என்னைப் பார்த்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சக்கர நாற்காலிப் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். தலையை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக இவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் இல்லை, வெயிலில் அலைந்து வந்தபோது இல்லை, நாற்பது கிலோ தண்ணீரைச் சுமந்து இறக்கிய பிறகும் இல்லை. முப்பது வருடம் லேபில் குறை கண்டுபிடித்தவன் கண்ணில் அது படவே இல்லை.

"இத்தனை நாளா நீ எங்க குடிச்ச?" என்று கேட்டேன்.

வாயைத் துடைத்துக்கொண்டாள். "பொடக்காளியிலதானுங்க. துவைக்கற கல்லுக்கிட்ட ஒரு சொம்பு வெச்சிருந்தேன். உங்க முன்னால எப்படிக் குடிக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. அதை எனக்குக் காட்டி உயர்த்திப் பிடித்தாள்.

"அழுகையெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம். டம்ளர எடுங்க. நானும் குடிக்கறேன், சேந்து குடிக்கலாம்."

எடுத்தேன். அவள் குடிக்க ஆரம்பித்ததும் நானும் ஆரம்பித்தேன். அவள் நிறுத்தும்வரை நிறுத்தவில்லை.